நகலுக்கு எதற்கு கான்ஸ்ட்?

அன்புள்ள யாழினிக்கு,

உன் மேக்ரோ சாதாரண இன்ட்டுக்கு ஓடுகிறது, கான்ஸ்ட் இன்ட் கொடுத்தால் கம்பைலர் முரண்டு பிடிக்கிறது என்று கேட்டிருந்தாய். உள்ளே டைப்ஆஃப் போட்டுத் தற்காலிக மாறி ஒன்றை அறிவித்து, அதைக் கூட்டிக்கொண்டே போகிறாய். டைப்ஆஃப் வகையை அச்சு மாறாமல் எடுத்துவரும். கான்ஸ்டும் ஒட்டிக்கொண்டே வரும்.

சி மொழியில் மாறியின் மதிப்பை எடுத்ததுமே கான்ஸ்ட், வாலடைல் எல்லாம் உதிர்ந்துவிடும். மதிப்பு இருக்கும் இடத்தைத்தான் அவை கட்டுப்படுத்துகின்றன. ஆகவே மாறியை மதிப்பாக்கி டைப்ஆஃபிடம் கொடுத்தால் போதும். சிலர் முன்னால் கூட்டல் குறி போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. கேரை இன்ட் ஆக்கிவிடும், பாயின்டருக்கும் ஸ்ட்ரக்ட்டுக்கும் செல்லாது. அடைப்புக்குள் வாய்ட் ஆக்கிய பூஜ்யம், ஒரு கமா, அப்புறம் மாறி என்று எழுதினால் கேர் கேராகவே நிற்கும். ஆனால் ஜிசிசி 11-க்கு முன்பு இந்த வழியிலும் கான்ஸ்ட் உதிராது. அரே கொடுத்தால் அது பாயின்டராகிவிடும்.

லினக்ஸ் கெர்னலுக்கும் இதே தொல்லை, வாலடைலால் வந்தது. ரீட்_ஒன்ஸ் மேக்ரோவின் தற்காலிக மாறியும் வாலடைல் ஆகிவிட, கம்பைலர் அதை வீணாக ஸ்டாக்கில் எழுதித் திரும்பப் படித்தது. 2020-இல் வந்த 5.8 பதிப்பில் சி11-இன் ஜெனரிக்கைக் கொண்டு ஒரு மேக்ரோ எழுதினார்கள்: கேர் முதல் லாங் லாங் வரை ஒவ்வொரு முழு எண் வகையையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அதற்குரிய வெற்று வகையைத் தருவது. வெறும் கேர், சைன்ட் கேர், அன்சைன்ட் கேர் மூன்றும் சியில் தனித்தனி வகைகள்; அதனால் பட்டியல் இன்னும் நீண்டது. பார்க்க அழகில்லை, வேலை செய்தது.

சி23 இதற்கென்றே டைப்ஆஃப்_அன்குவால் கொண்டுவந்தது. ஜிசிசி 13, கிளாங் 16 முதல் கிடைக்கிறது. அரே அரேயாகவே இருக்கும். உன்னிடம் இருந்தால் வேறு வித்தை எதுவும் வேண்டாம்.

ஒன்றில் ஏமாந்துவிடாதே. கான்ஸ்ட் கேரைச் சுட்டும் பாயின்டரைக் கொடுத்தால், மேலே சொன்ன எந்த வழியும் உள்ளே இருக்கும் கான்ஸ்டைத் தொடாது. வெளிப்புறத்து கான்ஸ்ட் மட்டுமே போகும். பாயின்டரின் நகல் உன்னுடையது, அதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்து; அது சுட்டும் எழுத்துகள் உன்னுடையவை அல்ல. காஸ்ட் போட்டு அந்த கான்ஸ்டையும் கழற்றலாம், கம்பைலர் பெரும்பாலும் வாயே திறக்காது. ஆனால் அந்தப் பொருள் கான்ஸ்டாகவே அறிவிக்கப்பட்டிருந்தால், அதில் எழுதிய பிறகு என்ன நடக்கும் என்பதற்குத் தரநிலை எந்தப் பொறுப்பும் ஏற்காது. காஸ்ட்-குவால் எச்சரிக்கையைப் போட்டுவை, பிடித்துக் கொடுக்கும்.

மேக்ரோவைத் திருத்தியதும் கான்ஸ்ட் இன்ட், வாலடைல் கேர், ஒரு பாயின்டர் மூன்றையும் கொடுத்து ஓட்டிப் பார். உன் கல்லூரி லேப்பில் எந்த ஜிசிசி என்றும் எழுது.

உன் மாமா