மலையடிவாரத்தில் ட்ரோன்: ரிமோட்டில் முதலில் பழக வேண்டியது

பிளவக்கல் அணைப் பக்கம் ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்கள் முதலில் அனுமதியைக் கவனியுங்கள். அணை நீர்வளத் துறையினரின் பொறுப்பு. அதை ஒட்டிய மலைக்காடு வனத்துறையுடையது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மைதான். அதை வைத்து அணைக்கு மேலோ காட்டுக்கு மேலோ பறக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகுவதற்கு வத்திராயிருப்புப் பக்கம் அறுவடை முடிந்த வயலே போதும்.

ஸ்டிக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடது ஸ்டிக் ஏற்றம், இறக்கம், திருப்பம். வலது ஸ்டிக் முன், பின், பக்கவாட்டு. ட்ரோனின் மூக்கு உங்களைப் பார்த்தால் இடவலம் மாறிவிடும். அது பழகும்வரை வாலை உங்கள் பக்கமே வைத்துப் பறக்கவிடுங்கள். இடது விரலுக்கடியில் உள்ள சக்கரம் கேமராவைச் சாய்க்கும். அதை மெதுவாக உருட்டுங்கள். வெடுக்கென்று உருட்டினால் வீடியோ பாழ்.

ஆன்டெனா வெளியே தெரியும் ரிமோட் என்றால், அதன் முனையை ட்ரோனை நோக்கி நீட்டாதீர்கள். தட்டையான பக்கம்தான் ட்ரோனைப் பார்க்க வேண்டும். பலரும் துப்பாக்கிபோலக் குறிபார்த்துப் பிடித்துவிட்டு, சிக்னல் இல்லை என்கிறார்கள்.

ஆள்கள் உண்மையில் தடுமாறுவது ‘வீடு திரும்பும்’ பட்டனில். டிஜேஐயின் பல ரிமோட்களில் ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை. லேசாகத் தட்டினால் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும். அழுத்திப் பிடித்தால் பீப் சத்தத்தோடு திரும்பக் கிளம்பும். திரும்பும்போது மறுபடி தட்டினால் அதை நிறுத்திவிட்டுக் கட்டுப்பாட்டை உங்களிடம் தரும். பதற்றத்தில் எல்லோரும் அழுத்திப் பிடித்துவிடுகிறார்கள். முதலில் தட்டுங்கள், நிற்கட்டும், திரையைப் பாருங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.

திரும்பும்போது ட்ரோன் நீங்கள் அமைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வரும். அந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. சமவெளியில் 30 மீட்டர் வைத்தால் தென்னை மரங்களைத் தாண்டிவிடும். பிளவக்கல் பெரியாறு அணையின் உயரமே 47 அடியைச் சற்றுத் தாண்டுவதுதான். அதற்கும் 30 மீட்டர் தாராளம். ஆனால் மேற்கே மலை எழும்புகிறதே! ஒரு மலைமுனையைச் சுற்றி ட்ரோன் போனதும் பாறை மறைத்து சிக்னல் அறும். சற்று நேரத்தில் அது தானாகத் திரும்பத் தொடங்கும், வந்த வழி முழுவதும் அல்லாமல் மலையை ஊடறுக்கும் நேர்கோட்டில். மினி 2, மினி 3 போன்றவற்றில் முன்னால் பார்க்கும் சென்சார் கிடையாது. பாறையில் மோதித்தான் நிற்கும்.

ஆகவே கிளம்பும் முன், உங்களுக்கும் ட்ரோன் போகும் இடத்துக்கும் நடுவே எது உயரமானது என்று பார்த்து அதற்கு மேல் அமையுங்கள். முன் அனுமதியின்றிப் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்திலேயே 120 மீட்டர்தான் வரம்பு. அதைவிட உயரமான மலை குறுக்கே நின்றால் அதன் பின்னால் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். எத்தனை நல்ல ரிமோட்டாக இருந்தாலும் எனக்கு இதுவே விதி.

அனுமதியோடு அணைக் கரையில் நின்று பறக்கவிடுகிறவர்களுக்கு இன்னொன்று. சில மாடல்கள் கிளம்பிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும்போது ‘வீடு திரும்பும்’ பட்டனை அழுத்திப் பிடித்தால், ஏறாமல் நின்ற இடத்திலேயே இறங்கும். கீழே தண்ணீர் என்றால் தண்ணீரில்தான். கரையிலிருந்து நாலைந்து அடி தள்ளி நிற்பதில் பயனில்லை. இருபது அடியாவது தரைப்பக்கம் தள்ளி வந்து, அங்கிருந்து கிளப்புங்கள். ஜிபிஎஸ் பிடித்து ‘ஹோம் பாயிண்ட்’ பதிவானதாகச் சொல்லும்வரை ஸ்டிக்கைத் தொடாதீர்கள். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் இந்த ஊருக்கு ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம்.

ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பலமாக வீசும். முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள், பேட்டரி மிஞ்சும். காற்றோடு கிழக்கே போய் மாட்டிக்கொண்டால் மெதுவாகப் பறக்கும் சினி மோடில் திரும்ப முயலாதீர்கள். ஸ்போர்ட் மோடுக்கு மாற்றுங்கள், உயரத்தையும் குறையுங்கள். கீழே காற்று குறைவு. ஸ்போர்ட்டில் தடை உணரும் சென்சார் உள்ள ட்ரோனிலும் அது வேலை செய்யாது. மரமும் மின்கம்பியும் உங்கள் கண்ணுக்குத்தான் தெரிய வேண்டும்.