புழைக்கடைக் கோழிக் கூண்டு

பாரிவாக்கம் போன்ற ஏரிக்கரைக் கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையின் ஈரம் வற்றுவதில்லை. அக்காலத்தில் கோழிகளைப் பஞ்சாரத்திலோ காற்றுப் புகாத மண் கூண்டிலோ அடைப்பது, அவற்றை நோய்க்கு ஒப்புவிப்பதேயாம்.

பத்துக் கோழிகள் இரவில் தங்க 5 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள கூண்டு போதும். மேட்டிடத்தில், நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையும்படி கால்கள் நாட்டி, அடித்தளத்தை 2 அடி உயர்த்துக. பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையே தகும். பெருங்கண் வலை மலிவென்று வாங்கியவர், ஓரிரவில் கீரி ஐந்து பெட்டைகளைக் கடித்துப் போட்ட பின்னர் வேறு வலை தேடியதைக் கண்டிருக்கிறேன். சாரலுக்குக் கோணிப் படுதா தொங்கவிட்டு, மழை விட்டதும் சுருட்டிவிடுக. மரத்தின் வெடிப்புகளில் உண்ணிகள் பகலில் ஒளிந்து இரவில் இரத்தம் உறிஞ்சுமாதலால், வெடிப்புகளைத் தாரிட்டு அடைத்தல் அவசியம்.

வெள்ளைக் கழிச்சலை மட்டும் எக்கூண்டும் தடுக்காது. அதற்குத் தடுப்பூசியே வழி. சந்தையில் வாங்கிய கோழியைப் பதினைந்து நாள் தனியே வைத்த பின்னரே கூண்டில் சேர்க்கவும்.