பைபாஸ் வார்டுக்கு வந்திருக்கும் தம்பிக்கு



இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைக்கச் சொல்வதும், ஸ்பைரோமீட்டரில் பந்தை ஏற்றவைப்பதும் ஒரு மாதத்தில் உனக்குக் கைவந்துவிடும். பிசியோதெரபி படிப்பில் அதிகம் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், ஐந்தாம் நாள் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ரிப்போர்ட் எல்லாம் நன்றாகவே இருக்கும். “சாப்பாடு பிடிக்கல, தூக்கம் வரல, ஒரே அசதி” என்பார். மனசு சரியில்லை என்று நம் ஆட்கள், அதிலும் ஆண்கள், வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். மருந்து அசதி என்று தாண்டிப் போய்விடாதே. டியூக் பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்துகொண்ட 817 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அறுவைக்கு முன்பே மனச்சோர்வு மிகுந்திருந்தவர்களிடமும், ஆறு மாதமாகியும் அது நீங்காதவர்களிடமும் இறப்பு கூடுதலாக இருந்தது. ஆகவே ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொல். மனநல மருத்துவரைப் பார்க்கவைப்பதும் இதய வைத்தியம்தான்.

பிறகு வீடு. கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. நடக்கக் கூடாது என்று யார் சொன்னது? ஆனால் மகன் அப்பாவைத் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்க விடமாட்டான். பாசம்தான், அதிலேயே மனுஷர் நோயாளியாக நிலைத்துவிடுவார். டிஸ்சார்ஜுக்கு முன் அந்த மகனையும் வராந்தாவில் கூட நடக்கவை. அம்மாக்கள் கதை தலைகீழ்: மூன்றாம் வாரமே குடத்தைத் தூக்கிவிடுவார்கள். “வீட்டுல யார் சமைப்பாங்க?” என்று கேட்காமல் அனுப்பாதே.

அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் செலவு கழிந்துவிடும். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இரண்டு மாத வருமானத்தை யார் தருவார்? அவர் தூங்காததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். மருத்துவச் சமூகப் பணியாளரிடம் பேசு.

இன்னொன்று. 1987இல் குலிக், மாலர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டது: அறுவை முடிந்தவரோடு ஒரே அறையில் இருந்து ஆபரேஷனுக்குப் போனவர்களுக்குப் பதற்றம் குறைவு, பிறகு அதிகம் நடந்தார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். நம் பொது வார்டில் இது தானாகவே நடக்கிறது. காசு கொடுத்துத் தனி அறை எடுப்பவருக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை! நாளை தியேட்டருக்குப் போகிறவரை, எழுந்து நடமாடுகிறவர் பக்கத்துக் கட்டிலில் போட முடியுமா என்று சிஸ்டரிடம் கேள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள், வருமானம் எப்படி, தூக்கம் எப்படி: இந்த மூன்றையும் நாளையிலிருந்தே கேஸ் ஷீட்டில் எழுத ஆரம்பி.