பயிர்க் காவல் துப்பாக்கியைத் துருவினின்று காத்தல்

சப்பிரகமுவ மாகாணத்தில் மழைக்குக் குறைவில்லை. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. தேயிலையும் இறப்பரும் இம்மழையாற் செழிக்கின்றன. உருக்கோ இம்மழையால் அழிகின்றது. கவ்வாத்துக் கத்தியும், பால்வெட்டும் கத்தியும், மண்வெட்டியும் நாள்தோறும் தீட்டப்பட்டும் தேய்க்கப்பட்டும் வருவதால் அவற்றில் துரு நிலைபெறுவதில்லை. காட்டுப்பன்றியினின்றும் முள்ளம்பன்றியினின்றும் பயிரைக் காப்பதற்கென உத்தரவுச் சீட்டுடன் வைத்திருக்கும் துப்பாக்கியின் நிலைமை வேறு. அது மாதத்தில் ஓரிரு முறையே வெடிக்கின்றது. ஆனால் பல இரவுகள் காவற்காரனின் தோளில் மழையில் நனைகின்றது. மற்றைய நாட்களில் ஒரு மூலையிலே கிடக்கின்றது. ஆகவே இப்பகுதியில் துப்பாக்கிகள் சுடுவதனாற் கெடுவதிலும் பார்க்கச் சும்மா கிடந்து கெடுவதே அதிகம்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி உத்தரவுச் சீட்டை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும் என்பதைத் துப்பாக்கி வைத்திருப்போர் யாவரும் அறிவர். சீட்டைப் புதுப்பிக்கக் காட்டும் அக்கறையிற் பாதியைக் குழலைத் துடைப்பதிலும் காட்டுவாராயின், இத்துண்டுப் பிரசுரத்திற்குத் தேவையே இராது.

நீல நிறம் என்பது யாது?

புதிய துப்பாக்கியின் குழல் நீலங்கலந்த கறுப்பு நிறமாய் மினுங்குவதைக் காணலாம். இது வண்ணப்பூச்சு அன்று. உருக்கின் மேற்பரப்பையே இரசாயன முறையால் கறுப்பு இரும்பு ஒட்சைட்டாக மாற்றியதனால் உண்டான மிக மெல்லிய படையாகும். ஒருவகையில் இதுவும் துருவே எனலாம். ஆனால் சிவப்புத் துரு பருத்து, உதிர்ந்து, தனக்குக் கீழுள்ள உருக்கையும் காற்றுக்கும் நீருக்கும் காட்டிக்கொடுக்கும். கறுப்பு ஒட்சைட்டோ உதிராமல் உருக்கோடு ஒட்டி நிற்கும். பழைய கம்மியர் குழலில் வேண்டுமென்றே மெல்லிய சிவப்புத் துருவை வரச்செய்து, அதைக் கொதிநீரில் அவித்துக் கறுப்பாக மாற்றி, தேய்த்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து இந்நிறத்தைப் பெற்றனர்.

இதில் ஒன்றை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். நீலப்படை தனித்து நின்று துருவைத் தடுக்கமாட்டாது. அதன் நுண்ணிய துளைகள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன. துருவைத் தடுப்பது அவ்வெண்ணெயே. எண்ணெய் வற்றிய நீலக்குழல் வெறும் உருக்கைவிடச் சற்றே மேலானது, அவ்வளவுதான். “நல்ல நீலம், துரு பிடியாது” என்று சொல்லித் துடையாமல் விடுவோர் இதனாலேயே ஏமாறுகின்றனர்.

இப்பகுதியிலுள்ள பகைகள்

1930ஆம் ஆண்டுகளை அடுத்து இங்கிலாந்தில் வேர்ணன் என்னும் அறிஞர் நடத்திய சோதனைகள், காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 60 வீதத்தைக் கடந்ததும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரெனக் கூடுவதைக் காட்டின. எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ அந்த அளவுக்குக் கீழே காற்று உலரும் வேளை மிகச் சிலவே. எனவே மழையில் நனையாத துப்பாக்கியும் இங்கே பாதுகாப்பாயிருக்கின்றது என்று கொள்ளலாகாது.

வியர்வை அடுத்த பகை. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். குழலைக் கையாற் பற்றி எடுத்துச் சென்ற இடத்தில், சில நாட்களின்பின் விரல் அடையாளமே துருவாய் எழுந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பர்.

மூன்றாவது பகையைத் தோட்டத்தார் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. இறப்பர்ப் பாலை உறையவைக்க உபயோகிக்கும் போமிக் அமிலம், அசற்றிக் அமிலம் ஆகியவற்றின் ஆவி உருக்கை விரைவில் அரிக்கும். இறப்பர் இலைகளிற் பூசண நோய்க்குத் தூவும் கந்தகத்தூள் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல அமிலத்தன்மை பெறும். 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையிற் தோன்றிய கொப்புள நோய்க்குத் தெளிக்கப்படும் செப்பு மருந்துகளோ, உருக்கின்மேற் பட்டு ஈரமானால் துருவைத் தூண்டும். ஆகவே பால் உறையவைக்கும் கொட்டிலிலும், புகைக்கூட்டிலும், மருந்துக் களஞ்சியத்திலும் துப்பாக்கியை வைத்தலாகாது. பூட்டுள்ள இடம் என்பதற்காக மருந்துக் களஞ்சியத்தையே இதற்குத் தெரிந்தெடுக்கும் தோட்டங்கள் உண்டு. பூட்டு நல்லதே, இடந்தான் தகாது.

நனைந்து வந்த இரவே செய்யவேண்டியவை

முதலாவதாகத் துப்பாக்கியைத் திறந்து, இரு குழலிலும் தோட்டா இல்லையென்பதைக் கண்ணாற் பார்த்து, விரலாலும் தொட்டு அறிதல் வேண்டும். எடுத்த தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டே துடைக்கத் தொடங்கல் வேண்டும். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுக.

பின்னர்க் குழலைக் கட்டையினின்றும் கழற்றி, உலர்ந்த பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க. இரு குழல்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலும், கீல் பொருந்துமிடத்திலும் நீர் ஒளிந்திருக்கும். துணியை ஓர் ஈர்க்கில் நுனியிற் சுற்றி அங்கே செலுத்தலாம். உட்குழலுக்கு நீண்ட மரக்கம்பும் வெண்கலத் தூரிகையும் வேண்டும். கம்பைத் தோட்டா இடும் பின்வாயிலிருந்து குழல்வாயை நோக்கியே செலுத்துக. அவ்வாறு செய்தால் அழுக்கு வெளியே போகும். மறுதலையாகச் செய்தால் விசைப் பொறிக்குள் விழும்.

சுட்ட குழலாயின் இன்னுமொரு காரியம் உண்டு. பழைய கருமருந்துத் தோட்டாக்களும், பழைய வகைக் கேப்புக்கள் கொண்ட தோட்டாக்களும் உப்புப் போன்ற எச்சத்தை விடுகின்றன. உப்பு எண்ணெயிற் கரையாது, நீரிலேயே கரையும். ஆதலால் அத்தகைய தோட்டாவைச் சுட்டபின், கழற்றிய குழலை மட்டும் கொதிநீரிற் கழுவுவதே சரியான முறை. கொதிநீர் குழலைச் சூடாக்குவதால் அது தானாகவே விரைவில் உலரும். சூடு ஆறுமுன் எண்ணெயிட்டால் எண்ணெய் நன்றாகப் பரவும். தற்காலத் தோட்டாக்களுக்குத் தூரிகையும் எண்ணெய்த்துணியும் போதும்.

எண்ணெய் எது? தையல் இயந்திரத்திற்கு இடும் மெல்லிய கனிய எண்ணெய் எக்கடையிலும் கிடைக்கும், அது போதுமானது. துணியிற் சில துளிகளே இட்டு, படிந்ததும் படியாததும் தெரியாத அளவுக்குப் பூசுக. பூசிய பின் உருக்கை வெறுங் கையாற் தொடலாகாது.

தேங்காயெண்ணெய் வீட்டிலே இருக்கின்றது என்று அதைப் பூசுவோர் பலர். அது நாட்பட்டாற் காறி அமிலத்தன்மை அடையும். பிசினாக இறுகி விசைப் பொறியைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் துருவை இளக்கும்; ஆனால் ஆவியானதும் உருக்கை வெறுமையாய் விட்டுச் செல்லும்; அதன்பின் எண்ணெய் பூசாவிடில் முன்னிலும் கேடு. இவற்றிலெல்லாம் கொடியது புளி. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் வழக்கத்தை மனதிற்கொண்டு, ஒரு தோட்டத்தில் காவற்காரரின் வீட்டார் குழலையும் புளியும் சாம்பலுமிட்டுத் தேய்த்திருந்ததை யான் பார்த்தேன். குழல் வெள்ளிபோல் மின்னிற்று. அவர்கள் அதைப் பெருமையுடனேயே காட்டினர். நீலப்படை முழுவதும் புளியிற் கரைந்து போயிருந்தது. அடுத்த கிழமை குழல் செம்மண் நிறமாயிற்று. புளி, தேசிக்காய், வினாகிரி யாவும் இத்தீமையையே செய்யும்.

வைக்கும் முறை

தோல் உறையும் சாக்கும் ஈரத்தைப் பிடித்து வைப்பன. துப்பாக்கியைக் கொண்டு செல்வதற்கு மட்டுமே உறை உதவும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் உலர்ந்திருக்கும் என்பது நாட்டிலே நிலவும் நம்பிக்கை. விறகுப் புகையில் அசற்றிக் அமிலம் உண்டு. கரியோ ஈரத்தை உறிஞ்சும். எனவே அந்நம்பிக்கை பிழையானது. காற்றோட்டமுள்ள, பூட்டிய அலுமாரியில், சுவரிற் படாமல் வைத்தல் நன்று. எண்ணெயிட்ட முதலிரவு குழல்வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். இல்லையேல் எண்ணெய் வடிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை மென்மையாக்கும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயே ஏற்றது. மழைக்காலத்தில் கிழமைக்கொரு முறையேனும் எடுத்துத் துடைத்துப் பூசுதல் வேண்டும்.

துரு பிடித்துவிட்டால்

சிறு புள்ளிகளாயின் எண்ணெயில் ஒருநாள் ஊறவிட்டு, பழைய ஒரு சதச் செப்புக் காசு இருந்தால் அதன் விளிம்பால் மெல்லச் சுரண்டுக. செம்பு உருக்கைவிட மென்மையானதாகையாற் கீறல் விழாது. மணற்தாள் கூடவே கூடாது. கடையில் விற்கும் நீலந்தரும் திராவகங்கள் சிறு இடங்களை மறைக்க உதவுமாயினும் அப்பூச்சு நெடுநாள் நில்லாது. அவற்றிற் பலவற்றில் செலீனியம் என்னும் நஞ்சும் உண்டு. குழல் முழுவதற்கும் மீண்டும் நீலமேற்ற விரும்பினால் உத்தரவு பெற்ற கம்மியரிடமே கொடுத்தல் வேண்டும். இரட்டைக்குழல் துப்பாக்கி பலவற்றில் குழல்கள் ஈயப்பற்றாற் பொருத்தப்பட்டவை. அவற்றைச் சூடான காரத்தொட்டியில் இட்டால் பற்று அரிக்கப்பட்டுக் குழல்கள் பிரியும். இதைக் கம்மியருக்கு முன்கூட்டியே நினைவூட்டுவதில் தவறில்லை.

துரு உருக்கைத் தின்று குழி விழுந்தபின் நிலைமை அழகைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. வேட்டைத் துப்பாக்கிக் குழலின் முற்பாகச் சுவர் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே இருப்பதுண்டு. காவற்காரர் இடக்கையாற் தாங்கிப் பிடிப்பதும் குழலையொட்டியே. அச்சுவர் அரிக்கப்பட்டிருந்தாலோ, குழலில் ஏதேனும் அடைத்திருந்தாலோ, வெடிக்கும்போது குழல் பிளந்து கைவிரல்களையும் கண்ணையும் கொண்டுபோகும். அடைப்பதற்குக் கல்லும் மண்ணும் வேண்டியதில்லை. சில நாட்கள் சும்மா நின்ற குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். மறந்துவிட்ட துடைப்புத்துணியும் தடித்த கிறீசும் அதே கேட்டை விளைவிக்கும்.

ஆதலாற் காவலுக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு முறையும், தோட்டா இடாமல் குழலைக் கழற்றி, உலர்ந்த துணியை ஒருமுறை செலுத்தி, பின்வாய் வழியாக வானத்தை நோக்கிப் பார்க்க. உட்புறம் முழுதும் ஒரே ஒளியாய்த் தெரிதல் வேண்டும். எங்கேனும் இருண்ட வளையம் ஒன்று தென்பட்டால் அவ்விடம் பருத்திருக்கின்றது என்பது பொருள். அக்குழலைத் தட்டியோ தேய்த்தோ சீராக்க இயலாது. கம்மியர் பார்த்துச் சொல்லும்வரை அதில் தோட்டா இடவேண்டாம். அன்றிரவு காவலுக்குத் தகரமும் தீப்பந்தமும் போதும்.