இன்-ல நிக்கிறவருக்கு என்ன வேலை?

ஜோனல் மேட்ச்சுக்கு கபடி டீம் எடுக்கும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்துலதான் இழுபறி ஆகும்: ஏழாவது ஆள் யார்? ரெண்டு கார்னர், ரெண்டு கவர், இந்த நாலு பேர்ல சண்டை கிடையாது. ரெண்டு ரெய்டர் இல்லாம டீமே இல்லை. மிச்சம் இருக்கிற ஒரு இடத்தையும் இன்னொரு ரெய்டருக்கே குடுத்துடறோம். யாரும் ஏன்னு கேக்கறதில்லை. அந்த முடிவு சரியான்னு கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாங்க.

முதல்ல படம். கேன்டீன் டேபிள்ல ஏழு பாட்டில் மூடியை அரைவட்டமா வைங்க. இடது ஓரத்துல இருந்து: லெஃப்ட் கார்னர், லெஃப்ட் இன், லெஃப்ட் கவர், சென்டர், ரைட் கவர், ரைட் இன், ரைட் கார்னர். கார்னரும் இன்னும் கை கோர்த்து நிப்பாங்க. நடுவுல இருக்கிற மூணு பேர் ஒரு செட். இதுதான் 2-3-2. ப்ரோ கபடியில வழக்கமா இறங்கறது நாலு டிஃபெண்டர், மூணு ரெய்டர். நாலு டிஃபெண்டரும் கார்னர்லயும் கவர்லயும் நின்னுடுவாங்க. அப்போ ரெண்டு இன்னும் சென்டரும்? அது ரெய்டர்களுக்கான பார்க்கிங். டிவி கமென்ட்ரியில கார்னர் பேர் வரும், கவர் பேர் வரும். இன் பேர் வர்றது அத்தி பூத்த மாதிரி.

இதே தலைவிதி அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒரு பொசிஷனுக்கு வந்திருக்கு. ஃபுல்பேக்னு ஒருத்தர். பந்தைத் தூக்கிட்டு ஓடற ரன்னிங் பேக்குக்கு முன்னாடி ஓடிப்போய், எதிராளியை இடிச்சு வழி விடறதுதான் பெரும்பாலும் அவர் வேலை. லொரென்சோ நீல்னு ஒரு ஃபுல்பேக் இருந்தார். 1997-லிருந்து 2007 வரை வரிசையா 11 சீசன், அவர் வழிவிட்டுக் குடுத்த டீம்கள்ல யாராவது ஒரு ரன்னர் 1,000 கெஜம் தாண்டியிருக்கார். இந்த 11 வருஷத்துல நீல் பல டீம் மாறினார், ரன்னர்களும் மாறினாங்க. மாறாதது முன்னாடி ஓடின நீல் மட்டும்தான். அப்புறம் ஆட்டம் பாஸிங் பக்கம் சாய்ஞ்சது. அந்த இடத்துக்குக் கூடுதலா ஒரு ரிசீவரை இறக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்குப் பல டீம்ல ஃபுல்பேக்கே கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி சில டீம் மட்டும் கைல் யூஸ்செக் மாதிரி ஆளை விடாம வெச்சிருந்தாங்க. அவரும் இடிக்கிறதோட நிக்காம பந்தும் பிடிப்பார்.

நம்ம இன்னும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஃபுல்பேக்கை டீம்ல இருந்தே எடுத்துட்டாங்க. இன்னோட இடத்தை எடுக்க முடியாது, ஏழு பேர் நின்னா அங்க ஒருத்தர் நின்னுதான் ஆகணும். அதனால இடம் இருக்கு, வேலை மட்டும் காணாமப் போயிடுச்சு.

என்ன வேலை அது? எதிர் ரெய்டர் போனஸுக்கு வர்றார்னு வைங்க. நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர், அதுக்கு 1 மீட்டர் தள்ளி போனஸ் லைன். ஆக 4.75 மீட்டர் உள்ளே வந்து கால் வைக்கிறார். கார்னர் பாய்ஞ்சு கணுக்காலைப் பிடிக்கிறார். இப்போ ரெய்டர் நடுக்கோட்டைப் பார்த்து விழுந்து கையை நீட்டினா, கணுக்கால்லேர்ந்து விரல் நுனி வரை சுமார் 2.2 மீட்டர் வரும். மிச்சம் இரண்டரை மீட்டர். கார்னரை அவ்வளவு தூரம் இழுத்துட்டா போதும், விரல் கோட்டைத் தொடும்.

நமக்கெல்லாம் ஃபர்ஸ்ட் இயர்லயே மெக்கானிக்ஸ் பேப்பர் இருந்துச்சு இல்லையா, அதைக் கொஞ்சம் தூசி தட்டுங்க. கார்னர் பிடிச்சிருக்கிறது தரைக்குப் பக்கத்துல, ஒரு காலை மட்டும். ரெய்டரோட சென்டர் ஆஃப் மாஸ் இடுப்பு உயரத்துல இருக்கு. கீழ பிடிச்சா மேல் உடம்பு கவிழும், அதுவும் ரெய்டருக்கு வேணுங்கிற திசையிலேயே கவிழும். இன்னொரு கால் ஃப்ரீயா தரையைத் தள்ளிக்கிட்டு இருக்கு. கார்னர் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் திரும்பிப் போற வழி திறந்துதான் கிடக்கு. இன் செய்யவேண்டியது அந்த வழியை அடைக்கிறது மட்டும்தான். இழுக்க வேண்டாம், தூக்க வேண்டாம். கார்னர் கையை விட்ட உடனே ரெண்டு எட்டு வெச்சு, ரெய்டருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவுல தோளைக் குடுத்து தொடையில ஏறணும். அவ்வளவுதான். ஒரு செகண்ட் தாமதிச்சா கவர் ரெண்டு பேரும் வந்து மேல விழுவாங்க, மீதியை அவங்க பார்த்துப்பாங்க.

சீசன் 6-ல யூபி யோதா டீமோட ரைட் கார்னர் நிதேஷ் குமார் 100 டேக்கிள் பாயின்ட் எடுத்தார். ஒரே சீசன்ல அதைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். அந்த நூறுல எத்தனை பாயின்ட்டுக்கு, பக்கத்துல நின்னவர் அந்த முதல் செகண்டை வாங்கிக் குடுத்தார்? ஸ்கோர்ஷீட்ல அதுக்குக் கட்டமே கிடையாது.

சரி, அப்போ இன்-ல நிக்கிற ரெய்டரே போய் உதவ வேண்டியதுதானே? இங்கதான் சிக்கல். ரெய்டர் தப்பிச்சிட்டா, அவரைத் தொட்ட அத்தனை பேரும் அவுட். கார்னர் தனியா பிடிச்சுத் தோத்தா ஒரு பாயின்ட் நஷ்டம். இன்னும் சேர்ந்து தோத்தா ரெண்டு. போனஸ் ரெண்டு கணக்குலயும் பொதுவா வர்றதால விட்டுடலாம்.

கார்னர் தனியா ஜெயிக்கிற வாய்ப்பு p, இன் சேர்ந்தா q. தனியா: p − (1 − p). சேர்ந்து: q − 2(1 − q). p நாப்பது சதவீதம்னு வெச்சுக்கிட்டா, q அறுபதைத் தொட்டாதான் இன் உள்ள போறது லாபம். இப்போ இன்-ல நிக்கிறது உங்க மெயின் ரெய்டர்னு நினைச்சுப் பாருங்க. அவர் வெளிய உக்காந்தா அடுத்த ரெய்டுக்கு ஆள் இல்லை. அந்த நஷ்டத்துக்கு இன்னொரு பாயின்ட் சேர்த்துக்குங்க: q − 3(1 − q). இப்போ q எழுபது ஆகணும். நம்பர் நான் உதாரணத்துக்கு எடுத்ததுதான், உங்க டீமுக்கு வேற வரலாம். ஆனா எந்த p போட்டாலும் ரெண்டாவது தேவை முதலாவதை விட அதிகமாதான் வரும். மெயின் ரெய்டர் இன்-ல நின்னா, கூடுதல் நிச்சயம் இல்லாம அவர் அசையக்கூடாது. அதனால அவர் அசையறதும் இல்லை. பேருக்குக் கை கோர்த்துட்டு நிக்கிறார், கார்னர் பாய்ஞ்ச உடனே ரெண்டு அடி பின்னாடி போயிடறார். அவர் மேல தப்பில்லை, கணக்கு அப்படி.

காயம் இன்னொரு பக்கம். 2022-ல தமிழ் தலைவாஸ் 2.265 கோடி குடுத்து பவன் ஷெராவத்தை வாங்கினாங்க. அப்போ அது ரெக்கார்டு. முதல் மேட்ச்லயே, குஜராத் ஜெயன்ட்ஸ் டீமோட சந்திரன் ரஞ்சித்தை டேக்கிள் பண்ணப் போய் முழங்கால்ல அடி. சீசன் முடிஞ்சது. அந்த டீம் அதுக்கப்புறமும் செமி ஃபைனல் வரை போச்சு, அது வேற விஷயம். ஒரே ஒரு காயத்தை வெச்சு தியரி எழுதக்கூடாதுதான். ஆனா எந்த கோச்சும் அதைப் பார்த்துட்டு தன் மெயின் ரெய்டர்கிட்ட ‘தைரியமா உள்ள போ’ன்னு சொல்லியிருக்க மாட்டார்.

எதிர்த்தரப்பு வாதமும் பலமானதுதான். மூணாவது ரெய்டர் இல்லாம ரெண்டு பேரும் அவுட் ஆயிட்டா, டூ ஆர் டை ரெய்டுக்கு யார் போவாங்க? கவர் போவார், போனவர் அங்கேயே உக்காருவார். ரெண்டு ரெய்டரோட மட்டும் இறங்கறது முப்பது செகண்ட்ல டீமைக் கவுத்துடும். அதனால இன்-க்குன்னு வெறும் டிஃபெண்டரைப் போடுங்கன்னு நான் சொல்ல வரலை.

மூணாவது ரெய்டரா எடுக்கிற ஆளோட ரெய்டு பாயின்ட்டை மட்டும் எண்ணாதீங்கன்னுதான் சொல்றேன். உளுந்தூர்பேட்டையைச் சுத்தி, எலவனாசூர்கோட்டை பக்கமோ திருநாவலூர் பக்கமோ பொங்கலுக்கு மேட்ச் பார்த்தவங்களுக்கு இப்படி ஒரு ஆள் தெரியும். ரெய்டு போனா பெரும்பாலும் சும்மா தொட்டுட்டு வந்துடுவார், ஆனா பிடின்னு வந்தா முதல்ல தோள் குடுக்கிறது அவர்தான். ட்ரையல்ஸ்ல பாயின்ட் எண்ணி ஆள் எடுத்தா அவர் எப்பவும் எட்டாவது ஆள். பெஞ்ச்.

அவரை எடுத்தா எங்க நிறுத்தறது? ஒவ்வொரு ரெய்டுக்கு முன்னாடியும் இடம் மாத்திக்கலாம், ரூல் தடுக்காது. எதிர் ரெய்டர் எந்தக் கார்னரைக் குறி வெச்சு வர்றார்னு ரெண்டு ரெய்டுல தெரிஞ்சிடும். அந்தப் பக்க இன்-ல அவர், எதிர்ப்பக்க இன்-ல மெயின் ரெய்டர். ஆள் மாறினா பக்கம் மாறணும். உள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னும் பாருங்க. ஆறு பேருக்குக் குறைஞ்சா போனஸ் கிடையாது, ரெய்டர் அவ்வளவு ஆழம் வர மாட்டார். அப்போ அவரை கவர் பக்கத்துல நகர்த்திக்கலாம்.

ட்ரையல்ஸுக்கு ஒரு டிரில்: கார்னரும் இன்னும் மட்டும் ஒரு பக்கம், ரெய்டர் போனஸுக்கு வரணும். பத்து தடவை கார்னர் தனியா பிடிக்கட்டும், பத்து தடவை இன்னோட சேர்ந்து. p-யும் q-வும் கையில கிடைச்சிடும். ஒவ்வொரு கேண்டிடேட்டையும் இன்-ல நிறுத்திப் பாருங்க. யாருக்கு q அதிகமா வருதோ அந்தப் பேரை, ரெய்டு பாயின்ட் லிஸ்ட்டுக்குப் பக்கத்துல எழுதி ஒட்டிடுங்க.