எக்செல் பூட்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"ஃபார்முலா உள்ள செல்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பூட்டினால் போதும்."

தலைகீழ்ப் பாடம் இது. எக்செலில் எல்லா செல்லுமே முதலிலிருந்தே 'லாக்டு'தான். 'ரிவ்யூ'வில் 'ப்ரொடெக்ட் ஷீட்' கொடுக்கும்வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்று வையுங்கள். ஆசிரியர்கள் மதிப்பெண் போட வேண்டிய கட்டங்களை முதலில் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் 1-உம் அழுத்தி, 'ப்ரொடெக்ஷன்' பகுதியில் 'லாக்டு' டிக்கை எடுத்துவிட வேண்டும். ஷீட்டைப் பூட்டுவது அதன் பிறகுதான். இது தெரியாமல் மொத்தமாகப் பூட்டிவிட்டு, யாராலும் டைப் அடிக்க முடியவில்லை என்றதும் பாஸ்வேர்டையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுபவர்களும் உண்டு!

"மொத்தம் போடும் ஃபார்முலாவைப் பூட்டியாயிற்று, இனிக் கெடாது."

கெடும். ஐந்து பாடத்தையும் செல் செல்லாகக் கூட்டும் ஃபார்முலா இருக்கிறது. ஒருவர் கணக்கு மதிப்பெண்ணை ஒரு வரிசை மேலே போட்டுவிடுகிறார். அழித்துத் திரும்ப அடிக்காமல், 'கட்' செய்து கீழே 'பேஸ்ட்' செய்கிறார். இரண்டும் திறந்த செல்கள்தானே, எக்செல் தடுக்காது. ஆனால் மேல் வரிசையின் ஃபார்முலா சுட்டும் செல் முகவரி நகர்ந்த எண்ணின் பின்னாலேயே கீழே போய்விடும். கீழ் வரிசை மாணவரின் மொத்தத்தில் 'ரெஃப்' பிழை வந்து உட்காரும். பூட்டு அப்படியே இருக்க, கணக்கு மட்டும் போயிற்று. 'கட்' பக்கமே போக வேண்டாம் என்று ஷீட்டின் தலையிலேயே எழுதி வைப்பது உத்தமம். 0 முதல் 100 வரைதான் என்று 'டேட்டா வேலிடேஷன்' போட்டிருந்தாலும் அது டைப் அடிப்பதைத்தான் சோதிக்கும். பேஸ்ட் செய்த 780 சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும்.

"பாஸ்வேர்டு போட்ட ஷீட்டை யாரும் உடைக்க முடியாது."

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம். அதைப் பிரித்து, ஷீட் பூட்டைக் குறிக்கும் ஒரே ஒரு டேக்கை நீக்கினால் பாஸ்வேர்டு தெரியாமலே திறந்துவிடும். ஷீட் பூட்டு பாதுகாப்பு வசதி அல்ல என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கைதவறுதலைத் தடுக்க மட்டுமே இந்தப் பூட்டு. சம்பளப் பட்டியல் போன்றவற்றுக்கு கோப்பையே குறியாக்கம் செய்யும் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' வேண்டும். அந்த பாஸ்வேர்டை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத்தர முடியாது.

"கூகுள் ஷீட்ஸ் என்றால் கவலையில்லை."

அங்கே பாஸ்வேர்டே கிடையாது. யார் திருத்தலாம் என்பதை அவரவர் கூகுள் கணக்கை வைத்து முடிவு செய்கிறோம். ஷீட்டைப் பூட்டி, சில செல்களை மட்டும் விதிவிலக்காக விடலாம் என்பது வசதிதான். ஆனால் திருத்தும் அனுமதி உள்ளவர் நகல் எடுத்தால், அந்த நகலுக்கு அவரே உரிமையாளர்.