அழல், அழற்சி, கண்நீர் அழுத்த நோய்: செங்கல்பட்டு – மாமல்லபுரக் கடற்கரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு சொற்பொருள் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கண்நீர் அழுத்த நோயில் விழித்திரை நரம்பணுக்களைக் காக்கவல்ல இயற்கை அழற்சித் தணிப்புச் சேர்மங்கள் குறித்த அண்மைக்கால ஆய்வுகள், சித்த மருத்துவக் கருத்துகளோடு இணைத்துப் பேசப்படுகின்றன. ‘அழல்’, ‘அழற்சி’, ‘இயற்கை’ ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை ஆராய்ந்து, அவ்விணைப்பின் எல்லையை இக்கட்டுரை வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: அழல், அழற்சி, நயனவிதி, மஞ்சள், லிப்பாக்சின், விழித்திரை.

முன்னுரை

‘செங்கழுநீர்ப்பட்டு’ என்பதே செங்கல்பட்டு என மருவியது என்பர். கழுநீரும் குவளையும் கண்ணுக்கு உவமையாதல் தமிழ் மரபு. அப்பூவின் பெயர் தாங்கிய நிலப்பகுதியில், உரியவர் அறியாமலே பார்வையைப் பறிக்கும் நோய் ஒன்று உள்ளது. 1997 வரை ஒரே செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில், 40 வயதும் அதற்கு மேலும் உடையோரிடம் ‘சென்னைக் குளுக்கோமா ஆய்வு’ நடத்தப்பட்டது. 2005இல் வெளியான அதன் முடிவின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 1.6 பேருக்குத் திறந்த கோண வகை நோய் இருந்தது. அவர்களுள் நூற்றுக்கு 98 பேருக்கு மேற்பட்டோர் அதுவரை தம் நோயை அறிந்திலர். மருத்துவ வசதிக் குறைவோடு சொல்வழக்கும் இவ்வறியாமைக்கு ஒரு காரணமாகலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. அழலும் அழற்சியும்

‘அழல்’ தீயையும் வெப்பத்தையும் குறிக்கும். சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களுள் அது பித்தத்தைச் சுட்டும். நாகமுனிவர் பெயரால் வழங்கும் நயனவிதி கண்நோய்களை 96 எனத் தொகுக்கிறது. மாமல்லபுரக் கரையோரத்தில் உப்புக்காற்றாலும் வெயிலாலும் கண் சிவந்து எரியின், அதனைச் ‘சூடு’ என்பதே மக்கள் வழக்கு. கண்நோவுக்கு மஞ்சள் நீரில் தோய்த்த துணியால் கண்ணைத் துடைத்தலும் இம்மரபினதே. இவை யாவும் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு, எரிவு, பீளை ஆகிய குறிகளை அடிப்படையாகக் கொண்டவை.

இக்கால மருத்துவத் தமிழில் ‘அழற்சி’ ஒரு கலைச்சொல். திசுவுக்கு ஊறு நேரும்போது உடலின் தற்காப்பு அணுக்கள் ஆற்றும் எதிர்வினையை அது குறிக்கும். திறந்த கோண வகை நோயில் பெரும்பாலும் சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. மூளைக்குக் காட்சியைக் கடத்தும் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் சிறிது சிறிதாக அழியப் பக்கப்பார்வை முதலில் குன்றும். அங்கு நிகழும் அழற்சி கண்ணின் பின்புறத்தில் நுண்ணளவில் நடப்பது. எரிவையே நோயின் அடையாளமாகக் கொண்ட மொழி, எரியாத நோயை எளிதில் தவறவிடும்.

2. இயற்கைச் சேர்மங்கள்

2017இல் வெளியான ஓர் ஆய்வு, விழித்திரையின் விண்மீன் வடிவ அணுக்கள் லிப்பாக்சின் ஏ4, பி4 என்னும் கொழுப்புச் சேர்மங்களைச் சுரந்து நரம்பணுக்களைக் காக்கின்றன எனவும், ஊறு நேர்கையில் அச்சுரப்பு குறைகிறது எனவும் காட்டியது. ஆய்வக விலங்குகளுக்கு அவற்றைச் செலுத்தியபோது அணுவிழப்பு குறைந்தது. பி4 கூடுதல் ஆற்றல் உடையதாயிருந்தது. இங்கு ‘இயற்கை’ என்பது மூலிகையன்று. உடல் தானே ஆக்கும் பொருள்.

மஞ்சளின் குர்க்குமின் நீரில் எளிதில் கரையாது. 2018இல் வெளியான இலண்டன் ஆய்வு, அதனை நுண்துகள் கடத்தியில் ஏற்றிச் சொட்டுமருந்தாக்கி, மூன்று வாரம் எலிகளின் கண்ணில் இட்டு நரம்பணு இழப்பைக் குறைத்தது. மஞ்சள் நீர்த் துணியும் இச்சொட்டுமருந்தும் மூலப்பொருளால் ஒன்று. சென்றடையும் இடத்தாலும் நோக்கத்தாலும் வேறு. ஆகவே முன்னதைப் பின்னதற்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

முடிவுரை

இவ்விரு சேர்மங்களைப் பற்றி மேலே கூறியவை விலங்காய்வு முடிவுகளே. இழந்த நரம்பணுக்கள் மீளா. கண்ணழுத்தத்தைக் குறைத்தலே இன்று உறுதிப்பட்ட சிகிச்சை. ‘அழல்’ என்ற சொல்லொற்றுமையை நம்பிச் சொட்டுமருந்தை நிறுத்துவோர் இழப்பது மீளாப் பார்வையை. எனவே நயனவிதி நூல்களைப் பதிப்பிப்போர் 96 நோய்களுக்கும் இக்கால நோய்ப்பெயர்களை நேர்நிறுத்தாது, நூல் கூறும் குறிகுணங்களை மட்டும் சொல்லடைவாகத் தொகுத்தல் வேண்டும். தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தாரும் கண் மருத்துவரும் அவ்வடைவைச் சோதித்தறிதல் அடுத்த படி. வலியில்லாத கண்ணுக்கும் 40 வயதுக்குப்பின் சோதனை தேவை என்பதை மக்கள் வழக்கில் நிறுத்தும் பொறுப்பில் தமிழாய்வுக்கும் பங்குண்டு.